பொலிஸ் தரும் குடியிருப்பாளர் படிவம்: எதுவரை கட்டாயம்? கொடுத்த விபரம் எங்கே போகிறது?

காலிவீதி_6

வணக்கம். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத் தொடர்மாடிகளில் குடியிருப்பவர்களின் விபரம் கேட்டு பொலிஸ் படிவம் வருவது புதிதல்ல. 2023 கடைசியிலும் வந்தது, பாராளுமன்றம்வரை பேசப்பட்டது. இப்போது எங்கள் கட்டட நிர்வாகக் குழுவுக்கும் ஒரு கட்டு வந்திருக்கிறது. தனிச் சிங்களம். பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தொழில், கைப்பேசி, மின்னஞ்சல், வாகன இலக்கம், தற்காலிகமாகத் தங்குபவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். 42 வீட்டுப் படிவத்தையும் குழுவே சேகரித்து ஒரே ஃபைலாகத் தரவேண்டுமாம்.

தெரிந்தவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்கோ. இது சட்டப்படி கட்டாயமோ? தமிழில் கேட்க உரிமை இருக்கோ? கொடுத்த விபரம் யாரிடம் போகுது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் "தேசிய பாதுகாப்பு" என்று கதவைச் சாத்திவிடுவார்களோ? பயப்படுத்தும் கதைகள் வேண்டாம். செய்யக்கூடியதைச் சொன்னால் குழுக் கூட்டத்தில் வைக்கலாம்.

புதுக்கடை_மூலை

பொலிஸார் காட்டுவது பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு. 1865ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பிரிவின் சாரம் இதுதான்: வீட்டில் வசிப்பவர்களின் பட்டியலை, குடும்பத்தவர் யார், வேலைக்கு நிற்பவர் யார், மற்றவர் யார் என்று பிரித்துத் தரும்படி வீட்டுக்காரரிடம் பொலிஸ் கேட்கலாம். பட்டியலில் மாற்றம் வந்தால் அறிவிக்கும்படியும் கேட்கலாம். ஆகவே "ஒன்றுமே தரமாட்டேன்" என்று நிற்பது புத்தியில்லை. ஆனால் மின்னஞ்சல், சம்பளம், வேலை செய்யும் இடம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் முகவரி எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. படிவத்தில் கட்டம் போட்டிருப்பதால் மட்டும் ஒரு கேள்வி சட்டமாகிவிடாது.

பொறுப்பு வீட்டுக்காரருடையது என்பதையும் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் அவர்தான் அந்த வீட்டுக்குப் பொறுப்பு. 42 வீட்டு விபரத்தையும் குழு சேகரிக்க வேண்டும் என்று 76 சொல்லவில்லை. குழு சேகரித்தால் என்ன நடக்கும்? செயலாளரின் மடிக்கணினியில் ஒரு எக்செல் ஃபைல், செக்யூரிட்டி மேசையில் ஒரு கட்டு போட்டோகொப்பி, வட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய அடையாள அட்டைப் படம் என்று மூன்று இடத்தில் பிரதி கிடக்கும். பொலிஸ் வைத்திருப்பதை விட அதுதான் முதலில் கசியும். குழு செய்ய வேண்டியது, படிவம் வந்திருக்கிறது என்று அறிவித்தல் ஒட்டுவது மட்டும். ஒவ்வொரு வீடும் தன்னுடையதைத் தானே கொடுக்கட்டும்.

கொடுக்கும் விதம் இப்படி இருக்கட்டும். படிவத்தை அப்படியே நிரப்புவதை விட, தனித்தாளில் "பொலிஸ் கட்டளைச் சட்டம் 76ஆம் பிரிவின் கீழ் தரும் பட்டியல்" என்று தலைப்பிட்டு, வீட்டு இலக்கம், வசிப்பவர்களின் பெயர், வீட்டுக்காரருக்கு உறவு என்ன, திகதி, கையொப்பம் ஆகியவற்றோடு நிறுத்தலாம். அடையாள அட்டை இலக்கம் கேட்டால் வயது வந்தவர்களுடையதை எழுதுங்கள். அதை மறுத்து வாசலில் வாக்குவாதப்படுவதால் லாபம் இல்லை, இலக்கம் அரசிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆனால் அட்டையின் போட்டோகொப்பி வேறு விஷயம். கட்டாயம் கொடுக்க நேர்ந்தால் படத்தின் குறுக்கே, முகத்தையும் இலக்கத்தையும் தொட்டுக்கொண்டு, "குடியிருப்பாளர் பதிவுக்கு மட்டும்" என்றும் திகதியும் பேனையால் எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு வேறு தேவைக்குப் பாவிக்கலாம்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பொலிஸ் நிலைய முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் நிலையப் பொறுப்பதிகாரி (ஓ.ஐ.சி.) பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டை வைத்திருங்கள். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைக்கவே கூடாது.

தேவையில்லாத கட்டத்துக்குப் பதில் எழுதாமல் விடுவதும் பொய் எழுதுவதும் ஒன்றல்ல. அரச உத்தியோகத்தருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருப்பவரை மறைப்பதற்காக "ஒருவரும் இல்லை" என்று எழுதினால் நீங்களாகவே சிக்கலை உண்டாக்குகிறீர்கள். சட்டம் கேட்காத கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டால் போதும். வெறுமையாக விட்டால் பிறகு வேறு யாரும் நிரப்பலாம்.

மொழி: அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் உத்தியோகத்தர்களோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரிமை உண்டு. "தமிழ்ப் படிவம் கிடைத்ததும் தருகிறோம்" என்று எழுத்தில் கேளுங்கள். வரவில்லை என்றால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு. இதைச் சின்ன விஷயம் என்று விடவேண்டாம். விளங்காத மொழியில் உள்ளதில் ஒப்பமிட்டவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு நிரூபிக்க முடியாது.

கோட்டை_தபால்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உளவு நிறுவனங்களைப் பெரும்பாலும் வெளியே வைக்கிறது. எங்கள் சட்டத்தில் அப்படி ஒரு விலக்குப் பட்டியல் இல்லை. பொலிஸ் உட்பட எந்தப் பகிரங்க அதிகாரசபையும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியே பதில் சொல்லவேண்டும். 4ஆம் பிரிவு வேறு சட்டங்களுக்கு மேலாக இதை வைக்கிறது. 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டத்தைச் சொல்லி மட்டும் தட்டிவிட முடியாது.

கோரிக்கை தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால்தான். "ஏன் தமிழர் வீடுகளில் மட்டும் கேட்கிறீர்கள்?" என்பது நியாயமான கேள்வி, ஆனால் அது ஆவணம் அல்ல. இருக்கும் பதிவேட்டைக் கேட்க வேண்டும். ஒரு மாதிரி:

"…… பொலிஸ் பிரிவில் …… ஆண்டு விநியோகிக்கப்பட்ட குடியிருப்பாளர் விபரப் படிவம் தொடர்பாக:
1. அதை விநியோகிக்கும்படி கூறும் சுற்றறிக்கை அல்லது எழுத்துப் பணிப்புரையின் பிரதி.
2. படிவத்தின் சிங்கள, தமிழ்ப் பிரதிகள்.
3. சேகரித்த படிவங்களை வைத்திருக்கும் காலம், அழிக்கும் முறை பற்றிய எழுத்து அறிவுறுத்தல்.
4. அவை அனுப்பப்பட்ட வேறு பிரிவுகள், நிறுவனங்களின் பட்டியல்.
5. கிராம சேவகர் பிரிவு வாரியாக விநியோகித்த படிவங்களின் எண்ணிக்கை."

உங்கள் "ஏன்" என்ற கேள்விக்கு ஐந்தாவதுதான் பதில் தரும். எந்தப் பிரிவில் எத்தனை என்று வந்தால் மற்றதை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

தன்னைப் பற்றிய பதிவைக் கேட்பதை இதோடு கலக்கவேண்டாம், தனிக் கோரிக்கையாகப் போடுங்கள். ஒன்றை மறுப்பதற்கான காரணத்தைக் காட்டி முழுதையும் நிறுத்திவிடுவார்கள்.

தகவல் கேட்பதற்கான ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) 01 படிவம் வசதிக்கு மட்டும். கடிதமும் செல்லும், தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் நியமிக்கப்படாத இடத்தில் நிறுவனத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார், ஆகவே "இங்கே அப்படி ஆள் இல்லை" என்பது பதில் அல்ல. கையில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்து அத்தாட்சி வாங்குங்கள். முடிவுக்கு 14 வேலை நாள். கட்டணம் இருந்தால் செலுத்தியதிலிருந்து 14 நாளில் தகவல் தரவேண்டும், காரணம் காட்டி மேலும் 21 நாள்வரை நீட்டலாம். உயிரோ ஆள் சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். 2017ஆம் ஆண்டு விதிப்படி ஏ4 போட்டோகொப்பி ஒரு பக்கம் 2 ரூபா, முதல் 4 பக்கம் இலவசம். பணம் தடையாக இருக்காது.

"தேசிய பாதுகாப்பு" என்ற பதில் வரக்கூடும். மறுப்பு எழுத்தில், எந்தக் காரணத்தின் கீழ் என்று குறிப்பிட்டு இருக்கவேண்டும். அது தேசிய பாதுகாப்பைச் சொல்லும் 5(1)(ஆ) என்றால், முதல் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள், அதற்கு ஆர்.டி.ஐ. 10 படிவம். அவருக்கு 3 வாரம். பிறகு 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அங்கே சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் சுமை அதிகாரசபையின் தலையில். மேன்முறையீட்டில் இரண்டு பிரிவைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்: 5(4), வெளியிடுவதால் வரும் பாதிப்பை விடப் பொது நலன் பெரிதென்றால் வெளியிடவேண்டும் என்பது; 6, மறைக்கவேண்டிய பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரவேண்டும் என்பது. எத்தனை படிவம் அச்சடித்தார்கள் என்ற எண்ணிக்கையால் நாட்டின் பாதுகாப்பு எப்படிக் கெடும் என்று அவர்கள் விளக்கட்டும்.

பலர் தவறவிடுவது மௌனத்தை. பதிலே வராவிட்டால் காத்திருக்கக்கூடாது. கால எல்லையைப் பின்பற்றாததே மேன்முறையீட்டுக்குக் காரணம். போயா நாட்களையும் வார இறுதியையும் கழித்து 14ஐ எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 வருடம் பேணவேண்டும் என்று இதே சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. ஆவணம் காணாமல் போகாதிருக்க வைத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் இன்று தேவையில்லாமல் எழுதிக் கொடுக்கும் கைப்பேசி இலக்கமும் அந்தக் கணக்கில் சேரும். புதுக்கடை_மூலை சொன்ன கோடு இழுக்கும் வேலை அதனால்தான் முக்கியம்.

தெஹிவளை_சந்தி

சட்டம் சரி. ஆனால் இங்கே பட்டியல் என்றதும் சனம் ஏன் பதறுகிறது என்பதையும் எழுதவேண்டும். 2007 ஜூன் 7, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பேருந்தில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஒவ்வொரு லொட்ஜிலும் யார் தங்குகிறார் என்ற விபரம் கையில் இருந்தால் அப்படி ஒரு காரியத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். அந்தத் தடையும் ஒரு மனுவால் வந்தது என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

படிவத்தோடு நிற்காமல் "விசாரணைக்கு வாங்கோ" என்று தொலைபேசி வந்தால்: பேசுபவரின் பெயர், பதவி, பிரிவு, எந்த முறைப்பாடு என்று கேட்டு எழுதிக்கொண்டு, எழுத்தில் அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள். தனியே போகாமல் சட்டத்தரணியோடு போங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதினால் "நானே தமிழில் எழுதித் தருகிறேன்" என்று கேளுங்கள். முடியாது என்றால் வாசித்துக் காட்டி மொழிபெயர்த்தவரின் பெயரை அதிலேயே குறிக்கச் செய்த பிறகுதான் ஒப்பம்.

கைது என்றால் காரணம் சொல்லவேண்டும். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டம் வேறு. 1979இல் தற்காலிகம் என்று வந்தது, தடுப்புக்காவல் உத்தரவின் உச்சம் 18 மாதமாக இருந்து 2022 திருத்தத்தில் 12 மாதமானது. அதன் கீழ் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும். வீட்டாரும் காத்திராமல் அந்த ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லி முறைப்பாட்டு இலக்கம் வாங்கட்டும்.

உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே ஒரு மாதம்தான், அரசியலமைப்பின் உறுப்புரை 126. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டு இலக்கம் மட்டும் காட்டினால் நீதிமன்றம் ஏற்காமல் விடலாம், விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்று காட்டவேண்டும். நல்ல மனுக்கள் இதில்தான் அடிபடுகின்றன.

காலிவீதி_6

மூவருக்கும் மிக்க நன்றி. குழு சேகரிப்பதில்லை என்று கூட்டத்தில் முன்வைக்கிறேன். இன்னும் இரண்டு. ஆர்.டி.ஐ. கோரிக்கையைக் குழுவின் பெயரில் போடலாமோ, தனி ஆள் பெயரில் போடப் பலர் தயங்குகிறார்கள். மற்றது, 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உதவாதோ?

கோட்டை_தபால்

தரவுச் சட்டத்தை (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) இப்போதைக்கு நம்பி இருக்கவேண்டாம். முக்கிய கடப்பாடுகள் 2025 மார்ச் 18இல் தொடங்க இருந்தன, அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

குழுவின் பெயரில் போடலாம். தகவல் உரிமை பிரஜைக்கு உரியது, ஆனால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் பிரஜைகளாக உள்ள அமைப்பும் அதில் அடங்கும், பதிவு செய்யாத அமைப்பானாலும் சரி. உங்கள் பக்கத் தொடர்மாடிகளில் கவனிக்கவேண்டியது இதுதான்: வீட்டு உரிமையாளர்கள் பலர் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா கடவுச்சீட்டு எடுத்தவர்கள். இரட்டைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்று எடுத்தால், 42இல் குறைந்தது 32 பேர் பிரஜைகளாக இருந்தால் சரி. குறைந்தால் பிரஜையான ஒருவர் தன் பெயரில் போடட்டும். குழுவின் பெயரில் என்றால் தீர்மானத்தின் பிரதியை இணைத்து, பதில் வரவேண்டிய முகவரியாகச் செயலாளரின் வீட்டைக் கொடுக்காமல் கட்டட முகவரியைக் கொடுங்கள். செயலாளர் மாறினாலும் 14 நாள் மேன்முறையீட்டுக் காலம் கடிதம் கைக்கு வராமல் கழிந்துவிடாது.