புதுப்பிப்பு: டைமர் ஒன்றுதான், ஏறும் உயரம் ஏன் மாறியது?

என் எலெக்ட்ரிக் ஃப்ரீ ஃப்ளைட் மாடலில் (கையிலிருந்து விட்டதும் ரேடியோ கட்டுப்பாடு இல்லாமல் தானாகப் பறக்கும் சிறு விமானம்) டைமர் நிறுத்தும்வரை மோட்டார் ஓடும் நேரம் மாறவில்லை, ஆனால் ஏறும் உயரம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பேட்டரிதான்.

ஒற்றை செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். பழைய செல்லும் அதே 4.2 காட்டும், அதை நம்பக் கூடாது. உள்மின்தடை (செல்லுக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை) கூடிய செல்லில் மோட்டார் இழுக்கும்போது வோல்ட் சட்டென்று சரிகிறது. மீட்டரை மோட்டார் ஓடும்போதே வைத்துப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது. வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே ப்ரொப்பெல்லருக்குப் போகும் சக்தி அதைவிட நிறையக் குறையும். ரேடியோ மாடல் என்றால் த்ராட்டிலை ஏற்றிச் சமாளிக்கலாம். இங்கே கையை விட்டுப் போனால் போனதுதான்.

சக்தி மாறினால் டார்க்கும் (ப்ரொப்பெல்லர் சுழல்வதால் மாடலைத் திருகும் விசை) மாறும், அப்புறம் ஏறும்போது வளையும் விதமும் மாறும். அதனால் இப்போது ட்ரிம் பார்ப்பதும் (மாடல் சீராகப் பறக்கும்படி சரிசெய்வது) முழு சார்ஜ் செல்லில்தான். ஒவ்வொரு பறப்புக்கும் அப்போதே சார்ஜ் செய்த செல். எல்லாம் ஒரே எடை, இல்லாவிட்டால் ஈர்ப்பு மையம் நகரும். வீட்டில் வைக்கும்போது 3.8 வோல்ட்.

வோல்ட் சரியும் செல்கள் இனி கிளைடு (மோட்டார் நின்றபின் மிதந்து இறங்குவது) பார்க்க மட்டும்.