13 வயது: எந்தச் சட்டத்தில் ஐயா இருக்கிறது?

கடலோரம் (இரவு 8.40)
ஞாயிற்றுக்கிழமை மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். சமூக ஊடகத்தில் பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருப்பது எப்படி என்று ஒரு வளவாளர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். சிலைட் எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. ஒன்பதாவது சிலைடில்தான் வந்தது வினை. தடித்த எழுத்தில், “இலங்கைச் சட்டப்படி 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை முகநூல் கணக்கு வைத்திருக்க முடியாது.” எந்தச் சட்டம் என்று கை தூக்கிக் கேட்டேன். கடைசியில் பார்ப்போம் என்றார். கடைசியில் ஆளுக்கொரு பற்றிசைக் கையில் தந்து அனுப்பிவிட்டார்கள்.

13 என்பது அமெரிக்காக்காரன் 1998இல் போட்ட கணக்கு. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விபரங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. சம்மதம் வாங்கி அலைவதை விட, அந்த வயதுப் பிள்ளையே வேண்டாம் என்று கம்பனிகள் 13இல் கோடு கிழித்துவிட்டன. எங்களுடைய 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். கணக்குத் திறக்கும் வயது என்று ஒரு வரி இல்லை.

ரீயூசன்_அப்பா (8.52)
அண்ணை, அதே கூட்டத்தில் நானும் இருந்தேன். நீங்கள் கை தூக்கியது உண்மை. நான்கு தரம் தூக்கியதையும் எழுதியிருக்கலாம். பின்வரிசையில் இருந்த எங்களுக்கு மைக் வந்து சேரவேயில்லை. சட்டமோ கம்பனி விதியோ, 13 என்றால் 13. பிள்ளை பத்திரமாக இருந்தால் போதாதா?

கடலோரம் (8.59)
போதாது. “இலங்கைச் சட்டப்படி” என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் நீதிமன்றத்தில் 27 வருடம் மொழிபெயர்த்தவன். சட்டம் என்று வாயைத் திறந்தால் இலக்கமும் ஆண்டும் வரவேண்டும்.

மூன்றாம்_மாடி (9.06)
ஒரு உதவி. என் மகளுக்கு 12 வயது. டிக்டொக்கில் யாரோ ஒருவன் எந்த ரீயூசனுக்குப் போகிறாய், எத்தனை மணிக்கு முடியும் என்றெல்லாம் மெசேஜில் கேட்டிருக்கிறான். இன்றுதான் பார்த்தேன். என்ன செய்வது?

கொட்டாஞ்சேனை_13 (9.11)
என் பெயரிலேயே 13 இருக்கிறது, நானும் வரலாமா? எங்கள் பக்கத்தில் 13 என்றால் கொழும்பு 13 என்ற தபால் இலக்கம்தான். வெள்ளவத்தைக்காரர் மட்டும் அதை வழக்காக்கி வைத்திருக்கிறார்கள்.

பகிடி கிடக்கட்டும். 2019 ஏப்ரலில் அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோது எங்கள் வீட்டில் அந்த முடக்கத்தைத் தாண்ட வி.பி.என். போட்டுத் தந்தது யார் தெரியுமா? ஒன்பது வயது மகன். நீங்கள் சட்டத்தில் வயதைத் தேடி முடிப்பதற்குள் அவன் பேரப்பிள்ளை கண்டுவிடுவான்.

கடலோரம் (9.15)
தம்பி, நான் சட்டத்தில் வயதைத் தேடவில்லை. இல்லாத வயதை இருக்கிறது என்று சொன்னதைத்தான் கேட்கிறேன். வித்தியாசம் புரிகிறதா?

ரீயூசன்_அப்பா (9.21)
புரிகிறது அண்ணை. போன வருடம் ஸ்கூல் வான் கட்டணத் திரியிலும் இதே வித்தியாசத்தைத்தான் நாற்பது பதிவில் விளக்கினீர்கள். கடைசியில் கட்டணம் ஒரு ரூபாய் குறைந்ததா?

கடலோரம் (9.24)
வான் கதையை இங்கே இழுக்க வேண்டாம். இழுத்தால், “ரசீது தேவையில்லை” என்று அங்கே எழுதியது யார் என்பதும் வரும்.

நூலகத்து_அக்கா (9.30)
மூன்றாம்_மாடி, உங்களுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது. முதலில் ஒன்றையும் அழிக்க வேண்டாம். அந்த ஆளின் பக்கம், பெயர், கேட்டவை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அதன் பிறகு ரிப்போர்ட் செய்து புளொக் பண்ணுங்கள். ரீயூசன் முடியும் நேரத்தைக் கேட்டிருக்கிறான் என்றால், சும்மா அலட்டல் என்று விடக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு எடுங்கள். கொஞ்ச நாளைக்கு ரீயூசன் வாசலில் வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும். பிள்ளையை ஏச வேண்டாம். இன்று ஏசினால் அடுத்த தடவை உங்களிடம் காட்ட மாட்டாள்.

இன்னொன்று. டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்த கணக்குகளுக்கு நேரடி மெசேஜ் வசதியே கிடையாது. உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது என்றால், கணக்கில் வேறொரு பிறந்த ஆண்டு இருக்கிறது. அதைப் போய்ப் பாருங்கள்.

கடலோரம் (9.34)
அக்கா சொன்னதில் கவனிக்க வேண்டியது: 16 என்பதும் கம்பனி விதி. சட்டம் இல்லை.

நூலகத்து_அக்கா (9.36)
கடவுளே.

பம்பலப்பிட்டிப்_பழசு (9.48)
எனக்கு விளங்காத ஒன்று. 2020இல் பாடசாலைகளை மூடியபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வட்ஸ்அப் குழுவில் சேர்த்தது யார்? பாடசாலைதான். பத்து வயதுப் பிள்ளை. வட்ஸ்அப்புக்கும் 13 என்றுதான் அந்தக் கம்பனி போட்டிருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஹோம்வேர்க் அனுப்பும்போது வயது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இப்போது மேடை போட்டுப் பெற்றோருக்குப் புத்தி சொல்கிறார்கள்.

ரீயூசன்_அப்பா (9.53)
அது அம்மா அப்பாவின் நம்பர். பிள்ளையின் கணக்கு இல்லை. தவிர, வட்ஸ்அப் சமூக ஊடகமே இல்லை, மெசேஜ் அனுப்பும் சாமான்.

பம்பலப்பிட்டிப்_பழசு (9.55)
அப்படியா? ஸ்டேட்டஸ் போடுகிறார்கள், சனல் பார்க்கிறார்கள், 300 பேர் உள்ள குழுவில் முன்பின் தெரியாதவன் நம்பரை எடுக்கிறான். உங்கள் ரீயூசன் குழுவையே எடுங்கள், அதில் இருக்கிறவர் எல்லோரையும் உங்களுக்குத் தெரியுமா?

ரீயூசன்_அப்பா (9.57)
என் ரீயூசன் குழுவைப் பற்றி நீங்கள் கதைக்க வேண்டாம். மாதக் கட்டணம் கட்டாமல் மூன்று மாதம் குழுவில் இருந்தவர் யார் என்று நான் சொல்லட்டுமா?

கொட்டாஞ்சேனை_13 (9.58)
சொல்லுங்கள் சொல்லுங்கள், நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன்.

கடலோரம் (10.05)
திரி தடம் மாறுகிறது. வட்ஸ்அப் சமூக ஊடகமா இல்லையா என்பதற்கு அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். 2024 நவம்பரில் அங்கே சட்டம் நிறைவேறியது, 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் கணக்கு வைத்திருக்கக் கூடாது. முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக், யூரியூப் எல்லாம் அதற்குள் வருகின்றன. வட்ஸ்அப் வரவில்லை. கம்பனிக்குத் தண்டம் 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டம் கிடையாது. சட்டத்தில் வயது என்றால் இதுதான். ஆண்டு இருக்கிறது, திகதி இருக்கிறது, தொகை இருக்கிறது. ஒன்பதாவது சிலைடில் என்ன இருந்தது? தடித்த எழுத்து.

மெல்பேர்ண்_மச்சாள் (10.17)
என் அக்கா குடும்பம் அங்கேதான். சட்டம் வந்தபின் அக்கா மகனின் கணக்கை மூடிவிட்டார்கள். அடுத்த நாளே தாத்தாவின் போனில் யூரியூப். தாத்தாவுக்கு இப்போது கேம் விளம்பரமாக வருகிறதாம், தேவாரம் கேட்க முடியவில்லை என்று குறைப்படுகிறார்.

பம்பலப்பிட்டிப்_பழசு (10.20)
வெளிநாட்டுச் சொந்தத்தை எப்படியாவது ஒரு வரியில் நுழைத்துவிட வேண்டும், இல்லையா?

மெல்பேர்ண்_மச்சாள் (10.22)
நான் தெஹிவளையில்தான் இருக்கிறேன். பெயர் பழைய பெயர். உங்களுக்கு ஏன் எரிகிறது?

மூன்றாம்_மாடி (10.31)
அக்கா, பார்த்தேன். பிறந்த ஆண்டு 2001 என்று இருக்கிறது. கேட்டால் அப்பாதான் போட்டுத் தந்தார் என்கிறாள். அவரைக் கேட்டால், 13க்குக் குறைவாக இருந்தால் எடுக்காதாம், அதனால் கையில் வந்த ஒரு வருடத்தைப் போட்டாராம். ஆக என் பிள்ளை அங்கே இருபது தாண்டிய பெண்.

நூலகத்து_அக்கா (10.38)
இதைத்தான் அந்தக் கூட்டத்தில் ஒன்றரை மணித்தியாலமும் சொல்லியிருக்க வேண்டும். இன்ஸ்டகிராம் 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கைக் கொண்டுவந்தது. தானாகவே பிரைவட். தான் பின்தொடர்கிறவர்களோ ஏற்கெனவே தொடர்பில் உள்ளவர்களோதான் மெசேஜ் அனுப்ப முடியும். 16க்குக் குறைந்தவர் அதைத் தளர்த்த வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். டிக்டொக்கில் பெற்றோரின் கணக்கோடு பிள்ளையின் கணக்கை இணைக்கும் வசதி 2020இலிருந்தே இருக்கிறது. இத்தனை பூட்டும் பிறந்த ஆண்டு என்ற ஒரே திறப்பில்தான் தொங்குகிறது. அந்தத் திறப்பைக் கணக்குத் திறக்கும் அன்றே நாங்களே வளைத்துவிடுகிறோம்.

உங்கள் விஷயத்தில், படங்களை எடுத்து வைத்தபின் அந்தக் கணக்கை மூடுங்கள். 12 வயதுக்கு இப்போதைக்கு டிக்டொக் வேண்டாம்.

ரீயூசன்_அப்பா (10.41)
பார்த்தீர்களா? 13 வந்தபின் கொடுங்கள் என்று வளவாளர் சொன்னது சரி என்று அக்காவே ஒப்புக்கொள்கிறார்.

நூலகத்து_அக்கா (10.42)
நான் அப்படி எங்கே சொன்னேன்? பதின்மூன்றாவது பிறந்தநாள் கேக்கோடு புத்தியும் சேர்ந்து வருமா?

கடலோரம் (10.46)
வளவாளர் “கொடுங்கள்” என்று சொல்லவில்லை, “சட்டப்படி முடியாது” என்றார். ரீயூசன்_அப்பா சாட்சியத்தை மாற்றுகிறார். மறுபடியும் எழுதுகிறேன்: அமெரிக்கா, 1998. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியில் 16, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைக்கலாம். அவுஸ்திரேலியா 16. எங்களுடைய 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் வயது இல்லை. இதை யாராவது ஒருவர் மறுத்துக் காட்டுங்கள், நான் போகிறேன்.

கொட்டாஞ்சேனை_13 (10.48)
மறுத்தாலும் போக மாட்டீர்கள் அண்ணை.

மெல்பேர்ண்_மச்சாள் (10.55)
எனக்கு ஒரு சந்தேகம். கடலோரம் அண்ணையின் மகளுக்கு என்ன வயது? கணக்கு இருக்கிறதா?

கடலோரம் (11.09)
அது இந்தத் திரிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

பம்பலப்பிட்டிப்_பழசு (11.10)
பதினான்கு நிமிடம் எடுத்து எழுதிய பதில்.

கடலோரம் (11.14)
11 வயது. யூரியூப் மட்டும். என் கணக்கில், என் முன்னால். அது கணக்கு வைத்திருப்பது ஆகாது. பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு.

ரீயூசன்_அப்பா (11.16)
மெல்பேர்ண் தாத்தாவும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

மூன்றாம்_மாடி (11.20)
எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்தாகிவிட்டது. கணக்கை மூடியாயிற்று. காலையில் 1929க்கு எடுக்கப் போகிறேன். நன்றி அக்கா. இவர் இப்போதுதான் போனை வைத்துவிட்டு மகளின் அறைக்குப் போய் இருக்கிறார்.

ரீயூசன்_அப்பா (மறுநாள், காலை 7.35)
எல்லோருக்கும் நல்ல செய்தி. வளவாளருக்கு இந்தத் திரியை அனுப்பினேன். ஒன்பதாவது சிலைடைத் திருத்திப் பெற்றோர் குழுவில் போட்டிருக்கிறார். “இலங்கை” என்ற சொல்லை எடுத்துவிட்டார். இப்போது, “சட்டப்படி 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை முகநூல் கணக்கு வைத்திருக்க முடியாது” என்று இருக்கிறது. சந்தோஷமா அண்ணை?

கடலோரம் (7.36)
எந்த நாட்டுச் சட்டப்படி?