வெப்பக் கவசம் திறக்காத இரண்டு இரவுகள்: அனுபவப் பகிர்வு

வளிமண்டல ஆய்வாளர்:

ஓசிஓ செயற்கைக்கோள் ஏவப்பட்டதை ஏவுதளத்தில் நின்று பார்த்தவன் அல்ல நான். திரையில்தான் பார்த்தேன். ஆனால் என் முனைவர் பட்ட ஆய்வே அந்தச் செயற்கைக்கோள் அனுப்பப்போகும் தரவை நம்பித்தான் இருந்தது.

2009 பிப்ரவரி 24, கலிபோர்னியா நேரப்படி அதிகாலை 1:55. வேண்டன்பர்க் தளத்திலிருந்து டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட் கிளம்பியது. உச்சியில் ஓசிஓ இருந்தது. கரியமில வாயுவை விண்ணிலிருந்து அளப்பதற்கென்றே நாசா உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. ராக்கெட் சீராக ஏறியது, நாங்கள் கை தட்டினோம். சில நிமிடங்களில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் வெப்பக் கவசம் இரண்டாகப் பிளந்து விழ வேண்டும். விழவில்லை. எங்களுக்கு அது உடனே புரியவும் இல்லை. வர்ணனையாளர் பேச்சுக்கு நடுவே மௌனம் நீண்டுகொண்டே போனபோது, எங்கள் பேராசிரியர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கவசத்தின் எடையையும் சேர்த்துச் சுமந்ததால் சுற்றுப்பாதைக்கு வேண்டிய வேகம் கிடைக்கவில்லை. அன்டார்க்டிகாவை ஒட்டிய கடலில் போய் விழுந்தது.

எதை இழந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறையப் பாதிதான் காற்றிலேயே தங்குகிறது. மீதியைக் கடலும் தாவரங்களும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. எந்தக் காடு எவ்வளவு வாங்குகிறது, ஓர் ஆண்டு நிறைய வாங்கிவிட்டு அடுத்த ஆண்டு ஏன் சுணங்குகிறது என்பதில்தான் வழக்கே. தரையில் இருந்த அளவீட்டு நிலையங்களோ, மிகவும் தேவைப்பட்ட வெப்பமண்டலக் காடுகளில் மிகக் குறைவு. அந்த இடைவெளியைத்தான் ஓசிஓ நிரப்புவதாக இருந்தது.

பலரும் பேசாத பகுதி இனிமேல்தான். ஓசிஓவுக்கு ஒரு மாதம் முன்பு, ஜனவரி 23 அன்று, ஜப்பான் இபுகி என்ற செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அதுவும் கரியமில வாயுவை அளப்பதுதான். சொல்லப்போனால் எங்களுக்குப் போட்டி. கருவியை இழந்து நின்ற ஓசிஓ குழுவை ஜப்பானியர்கள் தங்கள் தரவில் சேர்ந்து உழைக்க அழைத்தார்கள். ஓசிஓவுக்காக எழுதிய கணக்கீட்டு முறைகள் எல்லாம் இபுகியின் தரவுக்கு மாற்றி அமைக்கப்பட்டன. என் ஆய்வும் அந்த வழியாகத்தான் கரையேறியது. தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது மிக மங்கலாக ஒளிர்வதை விண்ணிலிருந்தே அளக்கலாம் என்று 2011இல் காட்டியதும் இபுகியின் தரவிலிருந்துதான். இரண்டாவது ஓசிஓ 2014 ஜூலை 2 அன்று டெல்டா 2 ராக்கெட்டில் ஏறியபோது, அதன் கணக்கீடுகள் ஐந்தாண்டு பழகித் தேர்ந்திருந்தன. இதற்காக முதல் விபத்தை நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. இழந்த ஐந்தாண்டு அளவீட்டை எந்தக் கணக்கீடும் திருப்பித் தராது.

மாணவர் செயற்கைக்கோள் குழுவில் இருந்தவரின் தோழி:

அண்ணா, நீங்கள் எழுதியது முதல் இரவு. நான் பார்த்தது இரண்டாவது. 2011 மார்ச் 4. அதே தளம், அதே டாரஸ் எக்ஸ்எல். இம்முறை நாசாவின் குளோரி என்ற செயற்கைக்கோள். காற்றில் மிதக்கும் தூசு, புகைத் துகள்களையும் சூரியனிலிருந்து பூமிக்கு வரும் ஆற்றலையும் அளக்க வேண்டியது. கூடவே அமெரிக்காவின் மூன்று மாநிலங்களைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள் செய்த சிறு செயற்கைக்கோள்களும் இருந்தன. அவற்றில் ஒன்றில் என் தோழியின் உழைப்பும் இருந்தது.

மறுபடியும் கவசம் திறக்கவில்லை. "ஒரே ராக்கெட், ஒரே கோளாறு, இரண்டு தடவையா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரிடமும் பதில் இல்லை. அந்த மூன்று மாநிலங்களில் ஒன்றான மொன்டானாவின் மாணவர்கள் மட்டும் தங்களுடையதற்கு இரட்டை ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். அது அதே ஆண்டு அக்டோபரில் வேறு ராக்கெட்டில் போய் வேலையும் செய்தது.

அலுமினிய ஆலைத் தரக்கட்டுப்பாட்டாளர்:

அந்தத் தோழியின் கேள்விக்குப் பதில் வரப் பல ஆண்டுகள் ஆயின. என் தொழிலோடு ஒட்டிய செய்தி என்பதால் எழுதுகிறேன்.

முதல் விபத்துக்குப் பின் கவசத்தைப் பிரிக்கும் அமைப்பில் வெப்ப வாயு முறையைச் சந்தேகித்து, அதற்குப் பதிலாகக் குளிர் வாயு முறையைப் பொருத்தினார்கள். அதே மாற்றத்தோடு வேறு வகை ராக்கெட்டுகள் நன்றாகவே பறந்தன. ஆகவே குளோரியை நம்பி ஏற்றினார்கள். குறையோ வேறு இடத்தில் இருந்தது. கவசத்தின் இரு பாதிகளையும் இணைக்கும் அலுமினிய இணைப்பு, உள்ளே வெடிமருந்து இழை வெடித்ததும் குறித்த இடத்தில் முறிய வேண்டும். அந்த அலுமினியம் இருக்க வேண்டிய தன்மையில் இல்லை என்று 2019இல் நாசா வெளியிட்டது. ஒரேகானில் இருந்த உற்பத்தியாளரின் ஆலையில் 19 ஆண்டுகளாக இழுவிசைச் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். இரு திட்டங்களின் இழப்பு 70 கோடி டாலர். நிறுவனம் கட்ட ஒப்புக்கொண்டது 4.6 கோடி.

இழுவிசைச் சோதனை என்றால் பெரிய வித்தை இல்லை, தம்பி. ஒரு துண்டை வெட்டி இயந்திரத்தில் பிடித்து இழுப்போம். எந்த விசையில் வளைந்துகொடுத்தது, எந்த விசையில் முறிந்தது, எவ்வளவு நீண்டது என்று மூன்று எண்களை எழுதுவோம். எண் குறைந்தால் அந்தத் தொகுதி முழுவதும் நிற்கும், லாரி காத்திருக்கும், மேலாளர் வந்து நிற்பார். அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனாலும் மாற்றி எழுதிய கையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜன்னல் சட்டமாகப் போகும் அலுமினியத்துக்கும் ராக்கெட்டுக்குப் போகும் அலுமினியத்துக்கும் சான்றிதழ் ஒரே மாதிரித் தாள்தான். வாங்குபவர் அதைத்தான் பார்க்கிறார்.

வளிமண்டல ஆய்வாளர்:

நன்றி, ஐயா. உலோகத்தின் பக்கத்திலிருந்து இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. இன்னோர் இழப்பும் உண்டு. 2005 அக்டோபரில் ஐரோப்பாவின் கிரையோசாட் செயற்கைக்கோள் வடதுருவக் கடலில் விழுந்தது, ராக்கெட்டின் மென்பொருளில் ஒரு கட்டளை விடுபட்டதால். பனியின் தடிமனை அளக்கப் போனது அது. அந்தக் குழுவோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.