ராத்திரி ஓயாமல் கத்தும் 13 வயதுப் பூனை: சென்னையில் பிபி எங்கே பார்க்கலாம்?

வணக்கம். அண்ணா நகரில் இருக்கும் ஒரு பெண் பூனைக்காகக் கேட்கிறோம். கருத்தடை ஆனது, அதனால் இணை தேடும் கத்தல் இல்லை. விளக்கணைத்ததும் ஹால் நடுவில் நின்று, சுவரைப் பார்த்தபடி அடித்தொண்டையில் நீளமாக இழுக்கிறது. தட்டை வழித்து நக்கிவிட்டு மறுபடி கேட்கிறது, ஆனால் எடை 4.1 கிலோவிலிருந்து 3.4-க்கு வந்துவிட்டது. பசி கூடி எடை இறங்கினால் முதல் சந்தேகம் தைராய்டுதான். டி4 (தைராய்டு ஹார்மோன்), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று.

பாக்கி ரத்த அழுத்தம். தைராய்டும் சிறுநீரகமும் அதை ஏற்றிவிடும். மேல் அளவு 160-ஐத் தாண்டியே நின்றால் கண்ணுக்கு ஆபத்து, திடீரென்று பார்வைகூடப் போகலாம். டாப்ளரும் (ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்டு பிபி பார்க்கும் கருவி) காலில் சுற்றும் சின்ன கஃப்பும் (காற்றுப் பட்டை) வேண்டும், கஃப்பின் அகலம் காலின் சுற்றளவில் 30–40 சதவீதம். பெரியதைச் சுற்றினால் குறைவாகக் காட்டும். கூடையில் வந்த பதற்றத்திலேயே அளவு எகிறும். 5–10 நிமிடம் அமைதியாக விட்டு, முதல் ரீடிங்கைத் தள்ளிவிட்டு, அடுத்த ஐந்தாறின் சராசரி எடுக்கும் பொறுமை உள்ள இடமாகச் சொல்லுங்கள். நாய் குரைக்காத காத்திருப்பு அறை இருந்தால் கோடி புண்ணியம்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பூனைக்கு பிபி பார்க்கிறார்களா, எந்த நேரம் கூட்டம் குறைவு? ‘கத்தினால் கண்டுகொள்ளாதீர்கள்’ என்பது குட்டிகளுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.