33 வாரம், பிள்ளைக்கு தல இன்னும் மேலதான் இருக்கு

முக்கூடல்காரி:
அக்காமாரே, எனக்கு இது தலப்பிள்ள, 33 வாரம் ஆகுது. நேத்து ஸ்கேன்ல பிரீச்னு எழுதிருக்காவ, தல மேல இருக்கு பிட்டி கீழ இருக்குன்னாவ. டாக்டரம்மா இப்ப ஒண்ணும் செய்யாண்டாம் 36ல பாப்போம்னுட்டு அடுத்த ஆள கூப்ட்டுட்டாவ, நான் கேக்க நெனச்சது ஒண்ணும் கேக்கல. எங்க அத்தை என்னடான்னா பக்கத்து தெருல ஒரு ஆச்சி இருக்கா, வெளக்கெண்ண போட்டு வயித்த உருவி விட்டா தன்னால திரும்பிரும்ங்காவ, அம்மா குனிஞ்சு வீடு தொடைக்க சொல்லுதாவ. ஆபரேஷன்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

அம்பை அம்மா:
ஏட்டி பயப்படாத. 28 வாரத்துல நாலுல ஒரு பிள்ள கிட்ட இப்படித்தான் கெடக்கும், மாசம் முடியும்போது பாத்தா நூத்துக்கு மூணு நாலுதான் திரும்பாம நிக்கும். என் மூத்தவளும் அப்படித்தான், பொறவு அவளா தல கீழ வந்துட்டா. வீடு தொடைச்சா திரும்பும்னு உறுதி ஒண்ணும் கெடையாது, முடிஞ்சா செய்யி முடியலன்னா விட்ரு.

லேபர்வார்டு நர்ஸ், பாளை:
உருவி விடுற பேச்ச மட்டும் விட்ருங்கம்மா. கர்ப்பப்பைல நஞ்சு (பிளசன்டா) எங்க ஒட்டிருக்கு, தொப்புள்கொடி எங்க கெடக்கு, பனிக்குடத்து தண்ணி எவ்வளவுன்னு அந்த ஆச்சி கைக்கு தெரியாது, நஞ்சு பிச்சுக்கிட்டா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. டாக்டருங்களே வெளிய இருந்து கையால திருப்புறது உண்டு, ஈசிவின்னு பேரு, அது 36, 37 வாரத்துக்கு மேல, ஸ்கேன் பாத்து, பிள்ள துடிப்ப மிஷின்ல பாத்துக்கிட்டே, அவசரம்னா உடனே தியேட்டருக்கு கொண்டு போற எடத்துலதான் செய்வாங்க. சுமாரா பாதி பேருக்கு திரும்பும், தலப்பிள்ளைக்கு அதுலயும் கம்மி. நஞ்சு கீழ எறங்கிருந்தா செய்ய மாட்டாங்க.
ஏன் பிரீச்னா ஆபரேஷன்ங்காங்கன்னா, பிள்ளைக்கு உள்ளதுலயே பெருசு தலதான், அது முன்னால வந்தா வழிய விரிச்சு குடுத்துரும் ஒடம்பு பின்னாலயே வழுக்கிட்டு வந்துரும். பிட்டி முன்னால வந்தா கடைசில தல மாட்டிக்கிட வாய்ப்பு இருக்கு, அந்நேரம் கொடியும் நசுங்கும். 2000ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்த பொறவுதான் பல நாட்டுல ஆபரேஷன் பக்கம் சாஞ்சாங்க. கை தேர்ந்த டாக்டர் இருந்தா சிலருக்கு நார்மலும் பாக்கத்தான் செய்யுதாங்க, ஆனா பாதம் முன்னால தொங்குனா பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

வள்ளியூர் மைனி:
தல திரும்பிட்டா எல்லாம் முடிஞ்சுன்னும் நெனைக்காத. எனக்கு தல கீழதான், ஆனா மொகம் முன்னால வயித்து பக்கம் பாத்து கெடந்துது, நடு முதுகு பொளந்துட்டு, வலி இழுத்துக்கிட்டே போச்சு. முக்காவாசி பேருக்கு வலிக்குள்ளயே திரும்பிரும், எனக்கு திரும்பல, கடைசில வேக்கம் போட்டு, அதான் தலைல கப்பு வச்சு இழுத்துதான் எடுத்தாவ.

லேபர்வார்டு நர்ஸ், பாளை:
ஒண்ணு விட்டுட்டேன். பிள்ள பிரீச்சாவோ குறுக்காவோ இருக்கும்போது தண்ணி ஒடஞ்சா கொடி முன்னால வந்து விழ வாய்ப்பு இருக்கு. வலி வரட்டும்னு காத்திருக்காதீங்க, குளிச்சு சாமி கும்பிட்டு ராகு காலம் பாத்து கெளம்பாதீங்க, எடது பக்கமா சாஞ்சு படுத்துக்கிட்டு 108அ கூப்பிடுங்க.

முக்கூடல்காரி:
அத்தைக்கு இத அப்படியே வாசிச்சு காட்டுனேன், சரி பெறந்த பொறவு பேரப்பிள்ளைக்கு உருவி விட்டுக்கிடுதேன்ங்காவ 😄 இன்னொண்ணுக்கா, எனக்கு ரத்த குரூப் ஓ நெகட்டிவ், பிள்ளைக்கு பாசிட்டிவ்னா ரத்தம் சேராம போயிரக்கூடாதுன்னு 28 வாரத்துல ஆன்டி டி ஊசி போட்டாவ. ஈசிவி செஞ்சா திரும்பவும் போடணுமா?

லேபர்வார்டு நர்ஸ், பாளை:
போடணும்மா. செக்கப் நோட்டு மேல குரூப்ப பெருசா எழுதி வச்சுக்கோங்க.