எதையும் சாதிக்கவில்லை என்ற உறுத்தல்: ஆற்றிக்கொள்வதா, செவிகொடுப்பதா?

வைகறை: வேலைக்கு விண்ணப்பிக்கத் தற்குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். படுக்கையில் கிடந்த தந்தையைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகள் அதில் வெறும் இடைவெளியாகத் தெரிகின்றன. உடன் படித்தவர்கள் துறைத்தலைவர்களாகவும் தொழில்முனைவோராகவும் உயர்ந்திருக்க, நான் மட்டும் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதிலிருந்து மீள்வது எப்படி?

ஆழி: அந்த ஆண்டுகளை இடைவெளி என்று நீங்களே சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வேளை தவறாமல் மருந்து கொடுத்ததும், படுக்கைப்புண் வராமல் உடலைப் புரட்டிப் படுக்கவைத்ததும், இரவெல்லாம் விழித்திருந்ததும் உழைப்பில்லையா? மனிதர்கள் தம்மை ஒத்தவர்களோடுதான் பெரிதும் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். பெரும் பணக்காரரின் சொத்தைவிட உடன் படித்தவரின் பதவி உயர்வு நம்மைச் சுடுவது அதனால்தான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை ஆராய்ந்தபோது, வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளி வென்றவர் தவறவிட்ட தங்கத்தோடும், வெண்கலம் வென்றவர் பதக்கமே இல்லாத நிலையோடும் ஒப்பிட்டுக்கொள்வதே இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை மாற்றிக்கொண்டாலே மனம் பெருமளவு ஆறும்.

கல்வெட்டு: ஆழி சொல்வதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. உறுத்தல் முழுவதும் ஒப்பீட்டால் வருவதில்லை. உடனடியாகப் பார்த்தால் செய்ததற்காகவும், நெடுங்காலம் கழித்துப் பார்த்தால் செய்யாமல் விட்டதற்காகவுமே மக்கள் அதிகம் வருந்துகிறார்கள் என்று உளவியலாளர்கள் கிலோவிச்சும் மெட்வெக்கும் 1995-இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. வைகறைக்குள் விட்டுப்போன ஆசை ஒன்று இருந்தால், அதன்மேல் ஆறுதலைப் போர்த்துவது அவருக்குச் செய்யும் அநீதி. உடன் படித்தவர்களின் எந்தச் செய்தி சுட்டது, எது சுடவில்லை என்று அவர் பிரித்துப் பார்க்கட்டும்.

ஆழி: நீண்ட காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்டு களைத்தவரிடம் உடனே ஆசையைத் தேடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தூக்கமின்மையும், தன்னால் பயனில்லை என்ற எண்ணமும் மனச்சோர்வு நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை.

கல்வெட்டு: மருத்துவரைப் பார்ப்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உடல் தேறும்வரை கேள்வியைத் தள்ளிப்போட்டால், அது பல ஆண்டுகள் தள்ளிப்போய்விடும் என்பதே என் அச்சம்.

வைகறை: இருவருக்கும் நன்றி. மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். பிரித்துப் பார்த்ததில், பதவி உயர்வுச் செய்தி எதுவும் என்னைச் சுடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சட்டம் படிக்கும் தோழியின் செய்திதான் சுட்டது. அந்தப் படிப்பை இப்போதே தொடங்குவதா, சற்று ஓய்வெடுத்த பிறகா என்பதில் மட்டும் ஆழியின் பக்கம் சாய்கிறேன்.