பிளஸ் டூ வரலாறு: ஐரோப்பா பாடங்களுக்கு மூணே நாள், எதை முதல்ல பிடிக்கிறது?

பெரம்பூர் மாடி டியூஷன்:
தமிழ் மீடியம், ஆறு பசங்க. பரீட்சைக்கு முன்னாடி கிடைச்சது மூணு நாள் லீவு. இந்திய வரலாறு ஓரளவு நிக்குது, ஐரோப்பாதான் தகராறு. 1830-ஐயும் 1848-ஐயும் மாத்திப் போடுறாங்க. இத்தாலியைக் கேட்டா ஜெர்மனியோட பிஸ்மார்க்கை எழுதுறாங்க. ரஷ்யப் புரட்சி அக்டோபரா நவம்பரான்னு சண்டை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு மாதிரித் தேர்வுலயும் கடைசி ரெண்டு அஞ்சு மார்க் காலியா வருது. புதுசா நோட்ஸ் கொடுக்க நேரம் இல்லை. வழி சொல்லுங்க.

சாக்பீஸ்:
இத்தாலியையும் ஜெர்மனியையும் தனித்தனியா நடத்தினதுதான் கோளாறு. சிதறிக் கிடந்த அரசுகள் ஒரே நாடா சேர்ந்தது, ரெண்டும் ஒரே கதை. ஒரு முழு வெள்ளைத்தாளை மூணு பத்தியா மடிக்கச் சொல்லுங்க: வருஷம், ஜெர்மனி, இத்தாலி. அவங்க கையாலயே நிரப்பட்டும்.

1859: ஜெர்மனி கட்டம் காலி. இத்தாலியில பீட்மாண்ட்-சார்டினியா பிரதமர் கவூர், பிரான்சோட மூன்றாம் நெப்போலியனைக் கூட்டு சேர்த்து ஆஸ்திரியாவோட மோதுறார், லொம்பார்டி கிடைக்குது. அந்த உதவிக்குக் கூலியா அடுத்த வருஷம் நைஸும் சவாயும் பிரான்சுக்குப் போகுது. 1860: கரிபால்டி தன் செஞ்சட்டைத் தொண்டர் படையோட சிசிலி, நேப்பிள்ஸைப் பிடிக்கிறார். 1861 மார்ச் 17: விக்டர் இம்மானுவேல் இத்தாலிக்கு அரசர். ஆனா வெனிஷியாவும் ரோமும் இன்னும் வரலை. இதைச் சிவப்பு மையில எழுத வைங்க, முக்கால்வாசிப் பேர் இங்கதான் "இத்தாலி ஒன்றிணைந்தது"ன்னு முடிச்சுடுறாங்க.

1864: பிரஷ்யாவும் (பிஸ்மார்க் பிரதமரா இருந்த ஜெர்மன் அரசு) ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கை அடிச்சு ஸ்லெஸ்விக், ஹோல்ஸ்டீனை எடுக்குது. இத்தாலி கட்டம் காலி. 1866: பிரஷ்யா அதே ஆஸ்திரியா மேலயே திரும்புது, ஏழு வாரத்துல போர் முடியுது. இத்தாலி பிரஷ்யா பக்கம் நின்னதால வெனிஷியா அதுக்கு வருது. 1870: பிரஷ்யா பிரான்சோட மோதுது. போப்புக்குக் காவலா ரோம்ல நின்ன பிரெஞ்சுப் படை ஊருக்குக் கிளம்புது, செப்டம்பர் 20 இத்தாலியப் படை ரோமுக்குள்ள நுழையுது. 1871 ஜனவரி 18: பிரான்சோட வெர்செய்ல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துல ஜெர்மன் பேரரசு அறிவிப்பு.

இப்ப பாருங்க, பிஸ்மார்க்கோட மூணு போர் தெரிஞ்சா இத்தாலியோட கடைசி ரெண்டு துண்டும் தானா வந்துடுது. இதுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மறுநாள் காலையில தாளைப் பார்க்காம காலிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்க. படிக்க வைக்கிறதைவிட அந்த இருபது நிமிஷம்தான் வேலை செய்யும்.

1830, 1848-க்கு ஒரே வரி: பிரான்ஸ்ல 1830-ல பத்தாம் சார்லஸ் போய் லூயி பிலிப் வந்தார், ராஜா போய் ராஜா. 1848-ல லூயி பிலிப் போய்க் குடியரசு வந்தது, ராஜா போய் ராஜாவே இல்லை.

கன்னிமாரா வாசகர்:
அக்டோபர்–நவம்பர் சண்டையில் இரண்டு கட்சியுமே சரி. ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. மற்ற பெரும்பாலான நாடுகளின் கிரிகோரியன் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியிருந்தது. லெனினின் போல்ஷெவிக் கட்சியினர் ஆட்சியைப் பிடித்தது பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25, நம் கணக்கில் நவம்பர் 7. "பிப்ரவரிப் புரட்சி"யும் அப்படியே, பிப்ரவரி 23 என்பது மார்ச் 8. விடையில் "நவம்பர் 7 (பழைய நாட்காட்டியில் அக்டோபர் 25)" என்று எழுதிவிட்டால் திருத்துபவருக்கும் சந்தேகம் வராது. ஒரே விடையில் இரண்டு கணக்கையும் கலந்து எழுதுவதுதான் ஆபத்து.

பெரம்பூர் மாடி டியூஷன்:
ரெண்டு பேருக்கும் நன்றி சார். இன்னொரு குழப்பம்: வெர்செய்ல்ஸ்னு வந்தாலே 1871-ஐயும் 1919-ஐயும் கலக்குறாங்க. அந்த அஞ்சு மார்க் விஷயத்தையும் யாராவது சொல்லுங்க.

சிவப்பு மை:
மண்டபம் ஒண்ணுதான், அதனாலதான் குழப்பம். ஜெர்மனி 1871-ல பிரான்சை ஜெயிச்சு எந்த இடத்துல பேரரசு அறிவிச்சதோ, அதே இடத்துல வச்சு 1919-ல, முதல் உலகப் போர்ல தோத்த ஜெர்மனியை வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையில கையெழுத்துப் போட வச்சாங்க. பழிக்குப் பழின்னு சொல்லிக் கொடுங்க, மறக்காது. தேதியும் அப்படித்தான்: போரைக் கிளப்பின சரயேவோ கொலை (ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது) 1914 ஜூன் 28, உடன்படிக்கை 1919 ஜூன் 28.

ஹிட்லர் கேள்விக்கு "வெர்செய்ல்ஸ் அவமானம், அதனால் ஹிட்லர் வந்தார்"னு ரெண்டு வரியில நிறுத்துறாங்க. அதுக்கு ரெண்டு மார்க்குக்கு மேல எதிர்பார்க்காதீங்க. ஹிட்லரோட நாஜிக் கட்சிக்கு ஜெர்மன் நாடாளுமன்றத்துல 1928-ல 12 இடம், 1932 ஜூலையில 230 இடம். உடன்படிக்கை ரெண்டு தேர்தலுக்கும் முன்னாடியே இருந்தது. நடுவுல வந்தது 1929 பொருளாதாரப் பெருமந்தம், வேலையில்லாத் திண்டாட்டம். அந்த நடு வரிக்குத்தான் மார்க். இன்னொண்ணு, 1933 ஜனவரி 30-ல ஹிட்லரைச் சான்சலரா (பிரதமர் மாதிரி) நியமிச்சது குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். தனிப் பெரும்பான்மை வாங்கி வந்த மாதிரி எழுதினா தப்பு.

இனி அஞ்சு மார்க். வினாத்தாளைப் படிக்கிற நேரம் போக 180 நிமிஷம். ஒரு மார்க் இருபதுக்கு 15, ரெண்டு மார்க் ஏழுக்கு 28, மூணு மார்க் ஏழுக்கு 42, அஞ்சு மார்க் ஏழுக்கு 80. மீதி 15 நிமிஷம் சரிபார்க்க. அதாவது ஒரு அஞ்சு மார்க்குக்குப் பதினோரு நிமிஷம் சொச்சம். உங்க பசங்க பிரெஞ்சுப் புரட்சிக்கு மூணு பக்கம் எழுதியிருப்பாங்க, பேப்பரைப் பார்க்காமலே சொல்லலாம். நல்லாத் தெரிஞ்ச கேள்விதான் நேரத்தைத் தின்னும். ரெண்டு வரி முன்னுரை, அஞ்சு உள்தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வரி, ஒன்றரைப் பக்கத்துல பேனாவை எடுத்துடணும். கட்டாய வினா 30-ஐயும் 40-ஐயும் சாய்ஸ்ல விட்டுடாம வட்டம் போடச் சொல்லுங்க.

ராயபுரம் ரயிலடி:
முதல் உலகப் போருக்கு வருஷம் நிக்கலைன்னா ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைச் சொல்லுங்க சார். "அவன் பெரிய எம்டன்"னு வீட்டுல பாட்டி சொல்றது இந்தக் கப்பலைத்தான். போர் தொடங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை, 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம சென்னைக் கடலுக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரிச்சது. ஐகோர்ட் மதில்ல அதுக்குக் கல்வெட்டே இருக்கு.

சாக்பீஸ்:
எம்டன் ஞாபகத்துக்கு மட்டும் சார். போருக்கான காரணம் கேட்டா சரயேவோவும் கூட்டணிகளும்தான் வரணும், எண்ணெய்த் தொட்டியை அங்க எழுதிடப் போறாங்க.